மலை ஏரிக்கு எந்த மிதவைத் தடுப்பு: டிரம்மா, குழாயா, துணியா, இரும்பா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கமிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் ஏறக்குறைய ஒரே கேள்வி வந்துகொண்டிருக்கிறது. ஒருவருக்குத் தோட்டக் குளத்தில் ஓடை கொண்டுவரும் குப்பையை வாயிலேயே பிடிக்க வேண்டும். இன்னொருவருக்குக் குடிநீர் எடுக்கும் குழாயில் இலையும் சருகும் அடைக்கக் கூடாது. வேறொருவருக்குப் படகு போகக் கூடாத பக்கத்துக்கு எல்லை வேண்டும், அல்லது கரையோர ஆகாயத்தாமரை ஏரி நடுவே பரவக் கூடாது. எல்லோரும் மிதவைத் தடுப்பு, அதாவது மிதவைகளைக் கோத்து நீரின் குறுக்கே கட்டும் வேலி, என்ற பதில்வரை தாங்களே வந்துவிடுகிறார்கள். சிக்கல் அதற்கப்புறம்தான். விற்பவர் ‘குளிர்கடலுக்கே தாங்கும், மரைன் கிரேடு’ என்று ஒரு விலை சொல்கிறார். பக்கத்து எஸ்டேட்டில் நீல டிரம்களைக் கயிற்றில் கோத்து மிதக்க விட்டிருக்கிறார்கள். இரண்டு செலவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிதவை எதனால் ஆனது என்பது இரண்டாவது கேள்விதான். தாங்க முடியாத வெள்ளம் வரும் நாளில் அது என்ன செய்யும் என்பதை முதலில் கேளுங்கள்.

## குளிர் என்றால் எந்தக் குளிர்?

விற்பனைக் கையேட்டில் வரும் குளிர்நீர் வடகடல்களின் குளிர்நீர். கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரியில் உறையும். அங்கே மிதக்கும் பொருள் நகரும் பனிப்பாளத்தின் தள்ளலைத் தாங்க வேண்டும். மேலே தெறிக்கும் துளிகள் உறைந்து ஏற்றும் எடையையும், அதோடு உப்பின் அரிப்பையும் தாங்க வேண்டும். பணம் அதற்குத்தான் போகிறது.

ஊட்டி ஏரி 1820களில் கோவை கலெக்டர் சல்லிவன் காலத்தில் வெட்டியது. கொடைக்கானல் ஏரி 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் அமைத்தது. இரண்டும் 2000 மீட்டருக்கு மேலே இருக்கும் நன்னீர் ஏரிகள், இரண்டும் உறைவதில்லை. தலைகுந்தாவிலும் காந்தலிலும் டிசம்பர், ஜனவரி விடியலில் புல் வெள்ளையாகக் கிடக்கும், நிறுத்திவைத்த வண்டியின் கண்ணாடியில் பனி ஒட்டியிருக்கும். ஆனால் பெரிய நீர்ப்பரப்பு பகலில் வாங்கிய வெப்பத்தை ஒரே இரவில் இழந்துவிடாது.

மலைக் குளிர் தடுப்பை வேறு வழிகளில் தாக்குகிறது. விடியலில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும் காற்று மதியம் 20 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அதனால் பிளாஸ்டிக்கும் உள்ளே அடைபட்ட காற்றும் தினமும் விரிந்து சுருங்குகின்றன. வெயிலும் இங்கே கடுமை. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. சமவெளியில் நன்றாக உழைக்கும் கயிறும் தார்ப்பாயும் மலையில் சீக்கிரம் பொடிந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எல்லாவற்றுக்கும் மேல் மழை. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் ஓடையில் பிளாஸ்டிக் பாட்டில் மட்டும் வராது. வேரோடு பிடுங்கிய சீகை (வாட்டில்) மரமும் வரும்.

## எதை வைத்து எடைபோடுவது

நீரின் வேகம். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இது புரியும். நீருக்குள் அரை மீட்டர் ஆழம் தொங்கும் தடுப்பின் மீது நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நீர் மோதினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 300 நியூட்டன், அதாவது 30 கிலோ அளவுக்குத் தள்ளல் வரும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்காகும். 40 மீட்டர் அகலத்தை 4 மீட்டர் தொய்வு விட்டுக் கட்டினால் ஒவ்வொரு முனையிலும் ஒன்றரை டன்னுக்கு மேல் இழுக்கும். அதையே அழகாக இருக்கட்டும் என்று 80 சென்டிமீட்டர் தொய்வு மட்டும் விட்டு விறைப்பாகக் கட்டினால் இழுவை ஏழரை டன்! பொருள், நீர், அகலம் எதுவும் மாறவில்லை. கட்டிய விதம் மட்டும்தான் மாறியது.

வேகத்துக்கு இன்னொரு எல்லையும் உண்டு. எண்ணெய்ப் படலம் போன்ற இலேசான பொருளை, நீரோட்டத்துக்குக் குறுக்கே நேராகக் கட்டிய தடுப்பு நொடிக்குச் சுமார் 35 சென்டிமீட்டர் வேகம்வரைதான் பிடித்துவைக்கும். அதற்கு மேல் போனால் அடியில் நழுவிவிடும். குப்பைக்கு எல்லை கொஞ்சம் தாராளம், ஆனால் பாதி நீர் நிறைந்த பாட்டில் இதே வழியில்தான் தப்பிக்கும். ஆகவே ஓடையில் சாய்வாகக் கட்டுங்கள். நீரோட்டத்துக்கு 30 டிகிரி சாய்வில் வைத்தால் தடுப்பு மேல் நேராக மோதும் வேகம் பாதியாகும். குப்பையும் ஒரு கரை நோக்கித் தானாக நகரும்.

நீர்மட்டம். ஊர் ஏரியில் ஏற்ற இறக்கம் குறைவு. எமரால்டு, மேல்பவானி, பைக்காரா போன்ற மின்வாரிய நீர்த்தேக்கங்களில் மட்டம் பல மீட்டர் ஏறி இறங்கும். மட்டம் இறங்கினால் குட்டையான தடுப்பு கரையில் தொங்கும். ஏறினால் மூழ்கும், அல்லது நங்கூரத்தைப் பிடுங்கும்.

கெட்டுப்போனால் என்ன ஆகும். உடைந்த மிதவை நீரிலேயே உதிர்ந்து கலக்குமா, துண்டு துண்டாகக் கீழே போகுமா, அல்லது முழுசாகக் கரை ஒதுங்குமா? ஒற்றைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்கைத் தடை செய்த மாவட்டத்தில், குப்பை பிடிக்கப் போட்டதே குப்பையாகிவிடக் கூடாது.

யார் அள்ளுவது. தடுப்பு குப்பையை நிறுத்தும், அகற்றாது. அள்ளும் கரைக்கு வண்டி வருமா, ஆள் இறங்க முடியுமா என்று பார்க்காமல் வாங்கினால் சில வாரங்களில் ஏரி முகப்பில் புதுக் குப்பைமேடு ஒன்று மிதக்கும். நான் பார்த்தவரை பட்ஜெட்டில் யாரும் எழுதாத செலவு இதுதான்.

## நீல டிரம்

200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று கிட்டத்தட்ட 190 கிலோவை மிதக்க வைக்கும். பழையது எங்கும் கிடைக்கும், ஒன்று கெட்டால் ஒன்றை மாற்றலாம். குளத்தில் தற்காலிக எல்லை போடவும், வேலை ஆட்களுக்கு மிதவை மேடை கட்டவும் இதை மிஞ்ச ஒன்றுமில்லை.

ஆனால் மலையில் வெற்று டிரம் மூச்சு விடும். பகலில் உள்ளே 30 டிகிரி வரை சூடான காற்று விடியலில் 5 டிகிரிக்கு இறங்கினால் அழுத்தம் சுமார் 8 சதவீதம் குறையும். மூடியின் மரை நீர்மட்டத்தில் இருந்தால் அந்த இறக்கம் கொஞ்சம் நீரை உறிஞ்சிக்கொள்ளும். பகலில் விரியும்போது காற்று வெளியே போகுமே தவிர, அடியில் தங்கிய நீர் போகாது. ஒரு பனிக்காலம் முழுக்க இப்படி நடந்தால் ஓட்டையே இல்லாத டிரம் சாய்ந்து நிற்கும். எங்கே ஓட்டை என்று தேடுவார்கள், இருக்காது. இதைத் தவிர்க்க மூடி எப்போதும் மேலே இருக்கும்படி கட்டுங்கள், மரையில் ரப்பர் வாஷர் போடுங்கள். முடிந்தால் உள்ளே தண்ணீர் குடிக்காத நுரையை நிரப்பிவிடுங்கள்.

இன்னொன்று, டிரம்மை மேட்டுப்பாளையத்திலேயே இறுக மூடி ஏற்றி அனுப்பாதீர்கள். மலை ஏறும்போது பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் உப்புவதுபோல் அதுவும் உப்பி, தையலில் அழுத்தம் வாங்கும். மேலே வந்தபின் மூடுங்கள். முன்பு டிரம்மில் என்ன இருந்தது என்றும் கேளுங்கள். பூச்சிமருந்து டிரம்மைக் கழுவினாலும் குடிநீர்ப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

ஓடை வாயில் டிரம் வரிசை சரிப்படாது. உருண்டையான பெரிய முகம், நடுநடுவே இடைவெளி, வேகம் கூடினால் ஒன்றோடொன்று மோதிக் காது உடையும்.

## நுரை நிரப்பிய எச்டிபிஇ

எச்டிபிஇ என்பது அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். இந்த மிதவையில் இரண்டு வகை உண்டு. அச்சில் வார்த்து நுரை நிரப்பி, நடுவே சங்கிலி ஓடும்படி விற்கும் மிதவைகள் ஒன்று. தோட்டங்களில் நீர்க்குழாயாகப் பயன்படும் கறுப்பு எச்டிபிஇ குழாயை வெட்டி, உள்ளே நுரை திணித்து, இரு முனையும் வெல்டிங் செய்து மூடிய மிதவை இன்னொன்று. இரண்டாவதைக் குழாய் வெல்டிங் தெரிந்த பட்டறையில் செய்து வாங்கலாம். கோவையில் அதற்கு ஆள் உண்டு. 200 மில்லிமீட்டர் குழாய் ஒரு மீட்டருக்கு 31 லிட்டர் நீரை இடம்பெயர்க்கும். குழாயின் எடை போக 25 கிலோ அளவு மிஞ்சும். சங்கிலியும், மிதவையின் கீழ் நீருக்குள் இறங்கும் தொங்கு திரையும் தாங்க அது போதும்.

எச்டிபிஇ நீரைவிட இலேசானது, குழாய் உடைந்தாலும் துண்டு மிதக்கும். மைனஸ் பல டிகிரியிலும் நொறுங்காது. நார்வேயின் மீன்பண்ணைகள் கடலில் இதே பொருளால் ஆன வளையங்களை மிதக்க விடுகின்றன. நம் குளிர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. வெயில்தான் சோதனை. கறுப்புக் குழாயில் கலந்திருக்கும் 2 முதல் 3 சதவீதக் கார்பன் கறுப்பு அதைக் காக்கிறது. ஆரஞ்சு, மஞ்சள் மிதவையில் அது கிடையாது, புற ஊதாக் காப்பு மருந்தை நம்ப வேண்டும். மலிவான ஆரஞ்சு மிதவை வெளுத்து மேலே மாவு படிந்தால் காப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். படகு போகாத இடத்தில் கறுப்பே போதும். படகு ஓடும் ஏரியில் கண்ணில் படும் நிறம் கட்டாயம், அங்கே காப்புச் சான்று கேட்டு வாங்குங்கள்.

ஒரே நீளக் குழாயாக மட்டும் போடாதீர்கள். 100 மீட்டர் தொடர் குழாய் 25 டிகிரி மாற்றத்தில் அரை மீட்டர் வரை நீளும், குறுகும். இரண்டு, மூன்று மீட்டர்த் துண்டுகளாக்கி, இழுவை முழுவதையும் சங்கிலி ஏற்கும்படி கோத்தால் அந்தத் தொல்லை இல்லை. துண்டுகளை இணைக்கும் கொக்கியில் பாலிபுரொப்பிலீன் வார்ப்பு வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக்கின் சாதாரண ரகம் பூஜ்யத்தை ஒட்டிய குளிரிலேயே நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும்.

மறைமுகச் செலவு நுரையில் இருக்கிறது. உள்ளே திணித்தது தெர்மோகோல் என்றால் தோல் கிழிந்த நாளிலிருந்து வெள்ளை மணிகள் ஏரி முழுக்கப் பரவும். தெர்மோகோல் என்றதும் 2017-இல் வைகை அணையில் நீர் ஆவியாகாமல் இருக்க மிதக்க விட்ட அட்டைகள் நினைவுக்கு வரும், சிரிக்கவும் தோன்றும். அதில் ஒரு பொறியியல் பாடம் உண்டு. எடை குறைந்து நீருக்கு மேலேயே மிதக்கும் பொருளை ஆள்வது காற்றுதான். நீருக்குள் கால் ஊன்றாத மிதவை கரைக்கு வந்துவிடும். அதனால்தான் தொங்கு திரையின் அடியில் எடைச் சங்கிலி வைக்கிறோம்.

## பிவிசி துணித் தடுப்பு

எண்ணெய்க் கசிவுக்குக் கடலில் போடும் வகை. சுருட்டி ஜீப்பில் ஏற்றலாம், ஒரு மணி நேரத்தில் விரிக்கலாம். தூர் வாரும்போது கலங்கல் நீர் பரவாமல் மறைக்க, படகுத்துறையில் டீசல் சிந்தினால் வளைக்க, இதுதான் சரியான கருவி.

வருடம் முழுக்க நீரில் கிடக்க இது ஏற்றதல்ல. பிவிசியை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வெயிலில் மெல்ல வெளியேறும், துணி விறைக்கும். விறைத்த துணியைப் பனி விழுந்த காலையில் மடித்தால் மடிப்பில் வெடிக்கும். வைத்திருப்பவர்கள் பகல் பதினொன்றுக்குமேல் விரித்து, சுருட்டி வையுங்கள், மடிக்காதீர்கள். குடிநீர் எடுக்கும் ரேலியா, பார்சன்ஸ் வேலி மாதிரியான நீர்நிலைகளில் இதை நிரந்தரமாகப் போட நான் சொல்ல மாட்டேன்.

## இரும்பு உருளை

அமெரிக்க-கனடா எல்லையில் ஈரி ஏரி நயாகரா ஆற்றில் இறங்கும் வாயில் 1964 முதல் ஒவ்வொரு குளிர்காலமும் சுமார் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்குப் பனித்தடுப்பு போடுகிறார்கள். முதலில் மரக்கட்டைகள், 1997-இல் அவற்றின் இடத்துக்கு எஃகு உருளைகள் வந்தன. அந்த எஃகைவிட அதன் பின்னால் உள்ள யோசனைதான் நமக்கு வேண்டும். புயலில் பனி அளவு மீறி அழுத்தினால் அந்தத் தடுப்பு எதிர்த்து நிற்பதில்லை. மூழ்கிக்கொடுக்கும், பனி மேலேறிப் போகும், அழுத்தம் தணிந்ததும் மறுபடி மேலே வரும்.

நம் மலையில் எஃகு உருளைக்கு வேலை குறைவு. பெரிய மரங்கள் வந்து மோதும் அணை மதகு முகப்புக்கு மட்டும் யோசிக்கலாம். நீலகிரி ஓடைநீர் தாது குறைந்த மென்நீர். கால்வனைஸ் பூச்சின் மேல் காக்கும் சுண்ணப் படிவு அதில் எளிதில் உருவாகாது, துத்தநாகம் சீக்கிரம் கரையும். ஊட்டியின் கோடப்பமந்து கால்வாய் மாதிரிச் சாக்கடை கலக்கும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம். கடலில் போடும் துத்தநாக அரிப்புக்கட்டியும் நன்னீரில் சரியாக வேலை செய்யாது, மக்னீசியம் வேண்டும். ‘மரைன் கிரேடு’ என்று கூடுதல் விலை கொடுத்தவர்கள் இதை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

## மூங்கிலும் மரமும்

சோதனைக்கு நல்லது. ஓடை எங்கே குப்பையைத் தள்ளுகிறது, எந்தச் சாய்வில் கட்டினால் கரைக்கு வருகிறது என்று ஒரு பருவம் பார்க்க மூங்கில் கட்டு போதும். இரண்டாம் வருடம் ஊறிக் கனத்துவிடும். யூகலிப்டஸ் கட்டை ஆரம்பத்திலிருந்தே கனம், வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | நீல டிரம் | நுரை எச்டிபிஇ | பிவிசி துணி | எஃகு உருளை | மூங்கில் |
|---|---|---|---|---|---|
| முதல் செலவு | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் முதல் அதிகம் | மிக அதிகம் | மிகக் குறைவு |
| பனி, வெயில் | மூச்சு விட்டு நீர் ஏறும் | நன்று, கறுப்பு சிறப்பு | மடிப்பில் வெடிக்கும் | பூச்சு கரையும் | ஊறும் |
| வேக நீர் | ஆகாது | சாய்வாகக் கட்டினால் ஆகும் | ஆகாது | ஆகும் | ஓரளவு |
| உடைந்தால் | கரை ஒதுங்கும் | மிதக்கும். தெர்மோகோல் என்றால் உதிரும் | கிழிந்து தொங்கும் | மூழ்கும் | மட்கும் |
| மறைமுகச் செலவு | அடிக்கடி இறைப்பு | நுரை, கொக்கி | வைக்க இடம், ஆள் | கிரேன், பெயிண்ட் | வருடாந்தர மாற்றம் |

## நங்கூரம்: பாதிப் பணத்தை இங்கே வையுங்கள்

அதிகம் பார்க்கும் தவறு, கரையோர மரத்தில் கட்டுவது. ஈர மண்ணில் நிற்கும் யூகலிப்டஸும் சீகையும் ஜூன், ஜூலைக் காற்றிலேயே சாயும். அதன் மேல் ஒன்றரை டன் இழுவையையும் ஏற்றுகிறோம். சார்னோகைட் என்ற கடினமான மலைப்பாறை வெளியே தெரிந்தால் அதில் துளையிட்டு எபாக்சி பசையில் போல்ட் வைப்பதுதான் சிறப்பு. செம்மண் கரை என்றால் கரையிலிருந்து தள்ளி உள்ளே குழி வெட்டி, கான்கிரீட் கட்டையைக் குறுக்கே புதைத்துச் சங்கிலி எடுங்கள். ஏரி அடியில் கான்கிரீட் நங்கூரம் போடுபவர்கள் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும். 1000 கிலோ கட்டை நீருக்குள் 580 கிலோ அளவுக்குத்தான் எடை காட்டும். சேற்றில் பக்கவாட்டு இழுவைக்கு அதிலும் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம்.

இனி அந்த நயாகரா யோசனை. ஒரு முனையில் மட்டும் மற்ற இணைப்புகளைவிட வலுக் குறைந்த ஷேக்கிள் (சங்கிலியை இணைக்கும் வளையக் கொக்கி) ஒன்றைத் தெரிந்தே வையுங்கள். வெள்ளத்தில் மரம் வந்து மோதினால் முதலில் அது அறும். தடுப்பு மறுமுனையில் தொங்கியபடி கரையோடு ஒட்டிக்கொள்ளும். பிடித்த குப்பை அன்றைக்குப் போய்விடும், உண்மைதான். ஆனால் மறுநாள் ஒரு ஷேக்கிள் மாற்றினால் போதும், தடுப்பு மொத்தமும் கீழே உள்ள பாலத்தில் போய்ச் சிக்காது.

திரைக்கு வலை போடுபவர்கள் நீர் ஊடுருவும், இழுவை குறையும் என்று சொல்வார்கள். சருகு ஒட்டிய வலை ஒரு வாரத்தில் சுவர்தான். கணக்கைச் சுவர் என்றே போடுங்கள். தளர்ந்த நைலான் வலை நீர்நாய்க்கும் நீர்க்காகத்துக்கும் கண்ணி. விறைப்பான, சிறு கண் உள்ள திரையே போதும்.

## உங்கள் நிலைமைக்கு

தோட்டக் குளம், ஓட்டம் இல்லாத நீர், எல்லை மட்டும் வேண்டும் என்றால் டிரம் போதும், நுரை நிரப்பிய டிரம்மாக இருந்தால் இன்னும் நல்லது. ஆகாயத்தாமரையை நிறுத்த வேண்டும் என்றால் குழாய் மிதவையும் 30 சென்டிமீட்டர் திரையும். அந்தச் செடி பனியில் இலை கருகி வெயில் வந்ததும் துளிர்ப்பது, ஆகவே பனிக்காலத்தில் தடுப்பைக் கழற்றிவிடாதீர்கள். குடிநீர் எடுக்குமிடத்தைச் சுற்றியும் குழாய் மிதவைதான், உள்ளே வெள்ளை மணி இல்லாமல்.

ஓடை வாயில் குழாய் மிதவை, சாய்வு, அறும் ஷேக்கிள் மூன்றும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். அகலம் நாலைந்து மீட்டருக்குள் இருந்தால் மிதவையே வேண்டாம். கரையிலிருந்து இறக்கி ஏற்றும் கம்பிச் சட்டம் மலிவு, அள்ளவும் சுலபம். மின்வாரிய நீர்த்தேக்கம் என்றால் மட்டத்தோடு ஏறி இறங்கும் தண்டவாளமோ நீண்ட சங்கிலியோ முனையில் வேண்டும். அதன் செலவு மிதவையின் செலவை மிஞ்சக்கூடும். அங்கே மின்வாரியம், வனத்துறை இரண்டின் அனுமதியும் கையில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நீலகிரியில் கட்டுவதற்கு மார்ச், ஏப்ரல் சரியான காலம். நீர் தாழ்ந்திருக்கும், பனி போயிருக்கும், தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒரு கோடைமழையில் சோதித்துப் பார்க்கலாம். பழனி மலையில் பெருமழை பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் வருவதால் செப்டம்பர் தொடக்கம் வரை நேரம் உண்டு. பட்டறையில் ஆர்டர் கொடுக்கும்போது உள்ளே என்ன நுரை, எந்த இடத்தில் எத்தனை டன்னில் அறும், மாற்றுத் துண்டு தனியாகக் கிடைக்குமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்விக்கு ‘அறவே அறாது சார்’ என்று பதில் வந்தால் வேறு பட்டறை பாருங்கள்.